வேத வினா விடை: தீர்க்கதரிசன வேதபாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: திருமங்கலத்துக்கு அருகில் எங்கள் கிராமச் சபையில் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கிறோம். ஞாயிறு மாலை ஆராதனைக்குப் பின் வீடுகளில் கூடித் தீர்க்கதரிசனப் புத்தகங்களைப் படிக்க விரும்புகிறோம். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்க வேண்டும் என்பது வாலிபர்களின் ஆசை. போதகர் ஐயா நான்கு சபைகளைக் கவனிப்பதால் எல்லா வாரமும் வர இயலாது. எங்களில் இறையியல் படித்தவர் எவரும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம். வாலிபர்களின் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் வெளிப்படுத்தின விசேஷம் தனக்கு முந்திய தீர்க்கதரிசிகளின் சொற்களாலும் காட்சிகளாலும் நெய்யப்பட்ட புத்தகம். தானியேல் 7-ஆம் அதிகாரத்தின் நான்கு மிருகங்களை முன்பே அறியாதவர், வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து எழும்பும் மிருகத்தைக் கண்டு திகைத்துப்போவார். எசேக்கியேல் கண்ட ஆலயத்தின் அளவுகளை வாசித்திராதவருக்கு, யோவானின் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோல் வெறும் கோலாகவே தெரியும். ஆகவே ஆகாய் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

அது இரண்டே அதிகாரம், 38 வசனங்கள். ஒரே மாலையில் முழுவதையும் வாய்விட்டு வாசித்துவிடலாம். கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள், கி.மு. 538-ல் பெர்சிய அரசன் கோரேஸ் அனுமதி அளித்தபின் திரும்பிவந்த மக்கள் அஸ்திபாரம் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, வேலை நின்றுபோனது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்த அந்த அஸ்திபாரத்தின் முன்னால், தரியு அரசாண்ட இரண்டாம் வருஷமாகிய கி.மு. 520-ல் ஆகாய் பேசினார். முதல் வாரம் எஸ்றா 4 முதல் 6 வரையுள்ள அதிகாரங்களை வாசித்து, இந்தப் பின்னணியை எல்லாரும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஆகாயின் நான்கு செய்திகளுக்கு நான்கு வாரங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மாதமும் நாளும் குறிக்கப்பட்டிருப்பதால், எந்தச் சொல் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று உங்கள் குழு தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தக் கேள்விதான் தீர்க்கதரிசனம் படிக்கிறவர் முதலில் பழகவேண்டியது. அந்த வார்த்தையை முதன்முதலில் காதால் கேட்டவருக்கு அது என்ன சொன்னது? அவர் என்ன செய்ய வேண்டும் என்று தேவன் எதிர்பார்த்தார்? இதை விட்டுவிட்டு நமக்கு என்ன நடக்கப்போகிறது என்று நேரே தாவுகிறவர், தீர்க்கதரிசியைக் குறிசொல்லுகிறவராக்கிவிடுகிறார்.

கரிசல் காட்டு மக்களாகிய உங்களுக்கு ஆகாயின் பேச்சு அந்நியமாகவும் இராது. திரளாக விதைத்தும் கொஞ்சமாக அறுப்பதையும், வானம் பனியைத் தடுத்து நிலம் பலனைத் தராமல் போவதையும், கூலிக்காரன் தன் கூலியைப் பொத்தலான பையிலே போடுவதையும் அவர் சொல்லும்போது, மானாவாரி விவசாயம் செய்கிற பெரியவர்களைப் பேசவிடுங்கள். அந்த வசனங்களுக்கு அவர்களைவிடச் சிறந்த விளக்கவுரை கிடையாது. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். அன்றைய யூதாவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை எடுத்து, மழை பொய்த்த ஒவ்வோர் ஊரிலும் இன்னாருடைய பாவமே காரணம் என்று எவரும் தீர்ப்புச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

‘மச்சுப்பாவப்பட்ட வீடுகள்’ என்று பழைய மொழிபெயர்ப்பில் வருவது பலகை பாவி மேல்தளம் அமைத்த வீடுகளைக் குறிக்கும். உங்கள் ஊரின் பழைய மச்சு வீட்டை நினைத்துக்கொண்டால் வாலிபர்களுக்கும் விளங்கிவிடும்.

ஆறாம் மாதம் முதல் தேதியில் சொல்லப்பட்ட வார்த்தைக்கு மக்கள் கீழ்ப்படிந்து 24-ஆம் தேதியில் வேலையைத் தொடங்கினார்கள், கி.மு. 515-ல் ஆலயம் கட்டி முடிந்தது. அதே புத்தகத்தின் இரண்டாம் அதிகாரமோ, வானத்தையும் பூமியையும் அசையப்பண்ணுவேன் என்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் அந்த வசனத்தை எடுத்து, அசைவில்லாத ராஜ்யத்தோடு சேர்த்துப் பேசுகிறது. கண்முன்னே நிறைவேறிய சொல்லும், இன்னும் நாம் காத்திருக்கிற சொல்லும் ஒரே தீர்க்கதரிசியின் வாயில் அருகருகே இருப்பதை இங்கே கண்டுகொண்ட குழு, பின்னர் தானியேலைத் திறக்கும்போது தடுமாறாது. ஆகாயுக்குப் பின் யோனா, ஆமோஸ், தானியேல் என்று போய், அதன்பின் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வாருங்கள். அதையும் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்ட புத்தகமாகவே முதலில் வாசியுங்கள். தொடங்குமுன் போதகரிடம் சொல்லி ஜெபித்துத் தொடங்குங்கள். விடை தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அவர் வரும் வாரத்தில் கேட்கலாம்.

கேள்வி: மேலூரில் எங்கள் குழுவில் வெவ்வேறு சபையார் இருக்கிறோம். கத்தோலிக்க நண்பர் ஒருவரும் வருகிறார். அவருடைய வேதாகமத்தில் வாசகமே வேறாக இருக்கிறது. எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளும்படி சொல்லலாமா?

பதில்: சொல்லவேண்டாம். ஆகாய் 2:7-ல் பழைய மொழிபெயர்ப்பு ‘சகல ஜாதிகளாலும் விரும்பப்பட்டவர் வருவார்’ என்கிறது. புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் ஜாதிகளின் செல்வங்கள் வந்து சேரும் என்ற பொருளைத் தருகின்றன. மூலத்தில் ‘விரும்பத்தக்கது’ என்னும் பெயர்ச்சொல் ஒருமையிலும், அதற்குரிய வினைச்சொல் பன்மையிலும் நிற்பதால் வந்த வேறுபாடு இது. இரண்டு வேதாகமங்களும் ஒரே பாயில் திறந்திருந்தால்தான் இத்தகைய இடங்கள் கண்ணில் படும். உங்கள் நண்பரின் வேதாகமம் உங்களுக்குக் கிடைத்த உதவி.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு சகோதரர் ஒவ்வொரு வாரமும் கைப்பேசியில் போர்ச் செய்திகளைக் கொண்டுவந்து, இது இன்ன வசனத்தின் நிறைவேறுதல், ஆண்டவரின் இரண்டாம் வருகை இன்ன ஆண்டில் என்கிறார். அவரை எப்படி நடத்துவது?

பதில்: அன்போடு நடத்துங்கள், ஆனால் ஆண்டு குறிப்பதை அனுமதிக்காதீர்கள். அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர் வேதத்தை உண்மையாய் நேசித்தவர். தானியேல் 8:14-ன் 2300 நாட்களை வருஷங்களாகக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் இறுதியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்து உடைந்துபோனார்கள். 1991-ல் வளைகுடாப் போர் நடந்தபோது, இளம் ஊழியனாயிருந்த நானும் பாபிலோனைப் பற்றிய அதிகாரங்களைச் செய்தித்தாளோடு பொருத்திப் பிரசங்கித்தேன். போர் ஓய்ந்தபின் ஒரு தாயார், அப்படியானால் நீங்கள் வாசித்த வசனம் பொய்யா ஐயா என்று என்னிடம் கேட்டார். வசனத்தின்மேல் அவருக்கு அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவன் நான். இன்றும் அது என்னை வருத்துகிறது. காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அப்போஸ்தலர் 1:7-ல் ஆண்டவர் தம் சீஷருக்கே சொன்னதை அந்தச் சகோதரரோடு தனிமையில் உட்கார்ந்து வாசியுங்கள்; எல்லார் முன்னிலும் திருத்தவேண்டாம். போர்ச் செய்தியோடு அவர் வரும் வாரங்களில், அந்த நாட்டு மக்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

கேள்வி: எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார் எங்கள் வீட்டுக்கூட்டத்துக்கு வருகிறார்கள். தீர்க்கதரிசனப் பாடம் அவர்களுக்குப் பாரமாகாதா?

பதில்: வெளிப்படுத்தின விசேஷம் 1:3 யாரைப் பாக்கியவான்கள் என்கிறது, கவனியுங்கள்: ‘வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்’. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர், மூலமொழியிலும் அப்படியே. அன்றைய சபைகளில் ஒருவர் எழுந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் குரல் தெளிவுள்ள ஒருவர் நிறுத்தி நிதானமாக இரண்டுமுறை வாசிக்கட்டும். பாட்டிமார் முன்வரிசையில் உட்காரட்டும்.