பல்ஸ் மோடு போட்டும் அலை தட்டையாக இருந்தால்

இதய அறுவையின்போது ரத்தத்தை ஓட்டும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் ரோலர் பம்பில் பல்ஸ் மோடு (இதயத்துடிப்பு போல விட்டுவிட்டுத் தள்ளும் முறை) போட்டும் மணிக்கட்டுத் தமனியில் அழுத்த அலை எழவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. துடிப்பு வழியிலேயே மங்கிவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர்க்கும் ஆக்சிஜனேட்டர், ஃபில்டர், கடைசியில் பெருந்தமனிக்குள் போகும் குறுகலான குழாயான கேனுலா என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் விழுங்கும். பெரும்பாலும் கேனுலாதான் அதிகம் விழுங்குவது.

முதலில் மணிக்கட்டில் அழுத்தம் அளக்கும் லைனில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் குமிழிகூட அலையை அமுக்கிவிடும். அப்புறம் கேனுலாவுக்கு முன்னால் உள்ள லைன் அழுத்தத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். அது ஏறி இறங்க, மணிக்கட்டில் 60 mmHg அசையாமல் நின்றால் துடிப்பு கேனுலாவில் மங்குவதுதான் காரணம்.

தயவுசெய்து அலைக்காக மட்டும் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள், சிவப்பணு சிதையும். சராசரி அழுத்தமும் மொத்த ஓட்டமும் சரியாக இருந்தால் சீரான ஓட்டத்திலேயே பெரும்பாலான அறுவைகள் நல்லபடியாக முடிகின்றன. பெருந்தமனியை அடைத்திருந்த கிளாம்ப்பை எடுத்தபின் அலை எழுந்தால், அது இதயமே தள்ளுவதாகவும் இருக்கலாம்.