ஸ்னூக்கரைத் தொழிலாக எடுக்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்கு ஸ்னூக்கர் பழக்குகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: மகன் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதப் போகிறான். படிப்பு வேண்டாம், ஸ்னூக்கர்தான் என்கிறான். விடலாமா அண்ணா?

படிப்பை விட விடாதீர்கள், அக்கா. மேசையையும் நிறுத்தாதீர்கள். தொழில்முறைச் சுற்றில் ஏறத்தாழ 128 பேர்தான். புதிதாக வருபவருக்கு அதில் விளையாட இரண்டு வருட அனுமதி. பரிசுப் பணத்தை வைத்துத்தான் தரவரிசை. இரண்டு வருடம் முடியும்போது முதல் 64க்குள் இல்லாவிட்டால் இடம் போய்விடும். போட்டிகளில் பெரும்பாலானவை பிரித்தானியாவிலும் சீனாவிலும்தான். 2022/23 பருவத்தில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20,000 பவுண் என்று உறுதி கொடுத்தார்கள். இங்கே அது பெரிய காசு. அங்கே அறை வாடகை, ரயில், ஹோட்டல், மேசைக் கட்டணம் எல்லாம் கொடுத்தால் என்ன மிஞ்சும்? இப்போதைக்கு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒழுங்காக விளையாடட்டும், போதும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: இங்கிருந்து தொழில்முறைச் சுற்றுக்குப் போக வழி?

முதலில் தேசிய சாம்பியன்ஷிப். அதில் நன்றாகச் செய்தால் ஆசிய, உலக அமெச்சூர் போட்டிகள். உலக அமெச்சூர் பட்டம் வென்றால் வழமையாக அந்த இரண்டு வருட அனுமதி கிடைக்கும். மற்ற வழி கியூ ஸ்கூல், கட்டணம் கட்டி விளையாடும் தகுதிச் சுற்று. இந்தியாவின் ஆதித்யா மேத்தா 2013இல் டெல்லியில் தரவரிசைப் போட்டியொன்றின் இறுதி வரை போனார். பில்லியர்ட்ஸில் நம் எம்.ஜே.எம். லபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டத்தையே வென்றார். இந்தப் பெயரைத் தெரியாத பிள்ளைகள் கிளப்புக்கு வரும்போது எனக்கு மனம் வலிக்கும்.

தெகிவளை: எனக்கு 22. பிந்திவிட்டதா?

தொழிலுக்குப் பிந்திவிட்டது. உலக சாம்பியன் ரொனி ஓ'சல்லிவன் 10 வயதில் செஞ்சரி (ஒரே தொடரில் 100 புள்ளி) அடித்தவர். விளையாட்டுக்கு ஒருநாளும் பிந்தாது, வாருங்கள்.

பம்பலப்பிட்டி: டிவியில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நம் மேசையில் ஏன் இழுக்கிறது?

ஈரம். மேசைத் துணி கம்பளி நூல். ஒக்டோபர் மழையில் அது ஈரத்தைக் குடித்துப் பாரமாகிவிடும். பெரிய போட்டிகளில் துணிக்கு அடியிலுள்ள கல்லுக்குக் கீழே ஹீட்டர் வைத்துத் துணியைக் காய வைக்கிறார்கள். முதன்முறை வெளிநாட்டில் அப்படியொரு மேசையில் நின்றபோது, இங்கே அடிக்கும் அதே பலத்தில் ஒரு சேஃப்டி (எதிராளிக்கு வாய்ப்பு விடாத அடி) அடித்தேன். வெள்ளைப் பந்து கீழ்க் குஷனில் (மேசை ஓர ரப்பரில்) ஒட்டி நிற்க வேண்டியது, பட்டுத் திரும்பி மேசை நடுவுக்கே வந்து நின்றது. எதிராளி எழுந்து வந்து ஃபிரேமை (அந்த ஆட்டத்தை) முடித்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார். போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் போய் மேசையைப் பழகுங்கள்.

கிருலப்பனை: மேசைக்கு மணித்தியாலக் காசு. குறைந்த நேரத்தில் எதைப் பழகலாம்?

பிரவுன் பந்து வைக்கும் புள்ளியில் வெள்ளையை வையுங்கள். வேறு பந்து வேண்டாம். நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளுக்கு மேலாக நேரே அடியுங்கள். அடித்த கியூவை (கோலை) அசைக்காமல் அப்படியே பிடியுங்கள். பந்து குஷனில் பட்டுத் திரும்பி கியூ நுனியில் வந்து முட்ட வேண்டும். ஒரு பக்கமாக விலகினால் பந்தின் நடுவில் படவில்லை என்று அர்த்தம். இருபதுக்குப் பதினைந்து தரம் முட்டினால் எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.