ஐஸ் தண்ணீரும் நஞ்சுக்கொடியும்

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் பிரசவ வார்டு நர்ஸாகச் சேரப்போகிறேன். ஹ்மாங் பெண்கள் நிறைய வருவார்களாம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: லாவோஸ் மலைகளிலிருந்து 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் குடும்பங்கள் இவை. கிறிஸ்தவர்களாகி பழைய வழக்கத்தை விட்டவர்களும் உண்டு. அதனால் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பிள்ளை பெற்ற உடம்பில் குளிர்ச்சி ஏறினால் பின்னாளில் நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. 30 நாளைக்குச் சுடுசோறு, மூலிகை போட்டு வேகவைத்த கோழி, அதன் சாறு, வெந்நீர்; பெரும்பாலும் இவ்வளவுதான். ஆஸ்பத்திரித் தட்டில் ஐஸ் தண்ணீரும் சாலடும் வந்தால் தொடமாட்டார்கள். ‘நீர் அருந்த மறுத்தார்’ என்று சார்ட்டில் எழுதிவிடாதீர்கள்; பிளாஸ்கில் வெந்நீர் வையுங்கள், குடித்துவிடுவார். வீட்டிலிருந்து வரும் சாற்றையும் அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலிகை என்னவென்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இது முக்கியம். காய், பழம் இல்லாமல் இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்தால் மலச்சிக்கல் வரும். தையல் போட்டவருக்கு அது பெரும் வேதனை. மலமிளக்கியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தையலுக்கு ஐஸ் பை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், வலி மாத்திரை இருக்கிறது.

பலர் சத்தமே போடாமல் வலியைத் தாங்குவார்கள். அமைதியாக இருக்கிறாரே என்று உள்பரிசோதனையையோ வலி மருந்தையோ தள்ளிப்போடாதீர்கள். பரிசோதிப்பது பெண்ணாக இருக்கட்டும், பரிசோதனைகளின் எண்ணிக்கையும் குறையட்டும். மொழிபெயர்க்கப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மணிக்கட்டில் கட்டிய நூல் உயிரைக் காக்கும் கட்டு என்று நம்புகிறார்கள். ஊசி போட வேண்டுமா, மறு கையில் போடுங்கள்.

கேள்வி: நஞ்சுக்கொடியைக் கேட்டால் கொடுக்கலாமா?

பதில்: ஆஸ்பத்திரி விதி அனுமதித்தால் கொடுங்கள். ஆண் குழந்தையின் நஞ்சை வீட்டு நடுத்தூணடியிலும் பெண் குழந்தையுடையதைப் பெற்றோர் படுக்கைக்கு அடியிலும் புதைப்பது பழைய வழக்கம். இறந்தபின் உயிர் அதைத் தேடி வந்து சட்டைபோல உடுத்திக்கொண்டுதான் முன்னோரிடம் போகும் என்று நம்புகிறார்கள். அதைக் குப்பையோடு எரித்துவிட்டால் பிறகு ஈடுசெய்ய வழியே இல்லை.

தவறு பெரும்பாலும் ஷிப்ட் மாறும்போதுதான் நடக்கும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பிரசவ அறைக்கும் லேபுக்கும் வாயாலும் சொல்லுங்கள். கசியாத டப்பா, அதன்மேல் இன்னொரு உறை, பெயர்ச்சீட்டு, பிறகு ஃப்ரிட்ஜ். ஃபார்மலின் (கெடாமல் வைக்கும் ரசாயனம்) ஊற்றக் கூடாது. லேபுக்கு நஞ்சின் சிறு துண்டு தேவையென்றால் குடும்பத்திடம் முன்பே சொல்லி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு ஹெபடைடிஸ் பி (ரத்தத்தால் பரவும் கல்லீரல் தொற்று) இருந்தால் கையுறை போட்டே கையாளும்படி சொல்லிக் கொடுங்கள். குழந்தைக்கும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் ஊசி) போட்டாக வேண்டும்.