தொண்டு நிறுவனத்துக்கு ஆப் செய்யப் போகிறீர்களா? சில கேள்விகள்

பி.சி.ஏ. முடித்திருக்கிறேன். ஒரு டிரஸ்ட்டில் ஆறு மாதம் அப்ரண்டிஸாக வரச் சொல்கிறார்கள், உதவித்தொகை கிடையாதாம். போகலாமா?

போகலாம், ஆனால் அதற்குப் பெயர் அப்ரண்டிஸ் இல்லை, தன்னார்வ வேலை. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்த்தால் ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 என்று வைத்தார்கள். சம்பளம் இல்லாமல் செய்வதும் தப்பில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால். நீங்கள் எழுதும் புரோகிராமைப் படித்துத் திருத்த அங்கே ஒருவராவது இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்" ஆகிவிடுவீர்கள், ஆறு மாதமும் பிரின்டரோடு போய்விடும்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்கிறோம். நோட்டில் இருப்பதை எல்லாம் மொபைல் ஆப் ஆக்கித் தருவதாகப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் சொல்கிறார்கள். விடலாமா?

கொஞ்சம் பிடித்து வையுங்கள். விவரம் சேகரிக்கத்தான் என்றால் 2008இல் தொடங்கிய ஓடிகே என்ற படிவ மென்பொருள் இருக்கிறது, அதே வழியில் வந்த கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது. கேள்விகளை எக்செலில் வரிவரியாக எழுதி ஏற்றினால் அதுவே போனில் படிவமாக வந்துவிடும், சிக்னல் இல்லாத ஊரில் நிரப்பி வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்பலாம். இதையே மறுபடி முதலிலிருந்து எழுத எதற்கு ஆறு மாதம்?

நாங்கள் செய்த முதல் ஆப்பில் போன் எண் பெட்டிக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தோம், அதாவது கட்டாயம். குழுவில் பாதிப் பேரிடம் சொந்தப் போன் இல்லை. களப்பணிக்குப் போன அக்கா என்ன செய்வார்? இல்லாதவர்களுக்கெல்லாம் தன் எண்ணையே போட்டுவிட்டார். அடுத்த மாதம் தவணை நினைவூட்டல் அனுப்பியபோது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அவருக்கு வரிசையாக 19 மெசேஜ், மாரியம்மாளுக்கு, செல்விக்கு, இன்னொரு செல்விக்கு என்று. தப்பு அவருடையது இல்லை, எங்கள் நட்சத்திரத்துடையது. அதனால் மாணவர்களை முதல் வாரம் லேப்டாப் இல்லாமல் அந்த நோட்டோடு உட்கார வையுங்கள். நாங்கள் பார்த்த நோட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்ன வட்டம் இருந்தது. இந்த மாதம் இவருக்காகப் பக்கத்து வீட்டம்மா பணம் கட்டினார் என்று அர்த்தமாம். எந்த ஆப்பிலும் அதற்கு ஒரு பெட்டி கிடையாது, குழு நடப்பதே அந்த வட்டத்தால்தான்.

"கொளஞ்சி" என்ற பெயரை ஆப்பில் தேடினால் சில பேர் வருகிறார்கள், சில பேர் வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.

இது நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு சொல். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தான் புரோகிராமில் ஒரு வரி வேலை. பழைய கோப்பு யூனிகோடு அல்லாத பாமினி என்ற எழுத்துருவில் இருந்தால் அது வேறு கதை, அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், மாற்றிய பிறகு நூறு பெயரையாவது ஊர்க்காரர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆப்பைச் சோதிக்க, அதைச் செய்யும் மாணவர்கள் எங்கள் பிள்ளைகளின் பட்டியலையே வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், ஆதார் எண்ணோடு.

கொடுக்காதீர்கள். 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குள் உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சோதனைக்குக் கற்பனைப் பெயர் போதும்.

போன வருடம் செய்த ஆப் இப்போது திறக்கவே இல்லை. செய்த பையன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான், போன் எடுப்பதில்லை.

பெரும்பாலும் டொமைன், அதாவது ஆப்பின் இணைய முகவரி, புதுப்பிக்காமல் போயிருக்கும், இல்லையென்றால் அது ஓடிய இலவச சர்வர் காலாவதி ஆகியிருக்கும், இரண்டுக்குமான நினைவூட்டல் அவனுடைய ஜிமெயிலுக்குப் போயிருக்கும். அடுத்து வருகிறவர்களுக்கு முதல் நாளே நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து டொமைன், சர்வர், புரோகிராம் எல்லாவற்றையும் அதன் கீழ் வைக்கச் சொல்லுங்கள். கடைசி இரண்டு வாரம் புதிதாக எதுவும் எழுதக் கூடாது. உங்கள் கணக்கர் அம்மா தானே புது உறுப்பினரைச் சேர்த்து, பேக்கப் எடுத்துக் காட்ட வேண்டும், மாணவன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சரி, இப்போதைக்கு அந்தப் பையனுக்குத் திட்டாமல் ஒரு மெசேஜ் போடுங்கள். ஆப்பைப் பற்றிப் பேசாதீர்கள், பாஸ்வேர்டை மட்டும் கேளுங்கள்.