வைத்தியர் பதில்கள்: விளையாட்டு வீரருக்கு விற்றமின் குளிசை வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. 1500 மீற்றரும் 3000 மீற்றரும் ஓடுகிறாள். பயிற்சியைக் குறைக்காமலே சில மாதங்களாக அவளுடைய ஓட்டம் பின்தங்கி வருகிறது. எப்போதும் களைப்பு என்கிறாள். இறைச்சி தொடுவதில்லை. கனடாவிலிருந்து வந்த என் அண்ணன் பல விற்றமின்கள் கலந்த குளிசைப் போத்தலொன்றும், 1000 மில்லிகிராம் விற்றமின் சி குளிசைகளும் தந்துவிட்டுப் போயிருக்கிறார். கொடுக்கலாமா?
(ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் திறக்காமல், முதலில் மகளுக்குக் குருதிப் பரிசோதனை செய்வியுங்கள். விற்றமின்கள் தாமாகச் சக்தி தருவனவல்ல. உணவிலிருந்து சக்தியைப் பெற உடலுக்கு உதவுவன. அந்த உதவிக்கு வேண்டிய அளவு உடலில் ஏற்கெனவே இருக்குமானால், மேலதிகமாக விழுங்குவதால் ஓட்டத்தின் வேகம் கூடுவதில்லை. இவ்வகைக் குளிசை எடுத்தவருடைய சிறுநீர் கடும் மஞ்சளாவது, தேவைக்கு மிஞ்சிய பி2 விற்றமின் வெளியேறுவதால்தான். குறைபாடு இருப்பவருக்கு அதனை நிரப்புவது மெய்யாகவே பயன் தரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2018இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையும் அவ்வாறே கூறி, இரும்பு, விற்றமின் டி, கல்சியம் ஆகிய மூன்றிலும் கூடிய கவனம் வேண்டும் என்கிறது.

உங்கள் மகளின் விடயத்தில் எனக்கு முதலில் ஐயம் எழுவது இரும்பின் மேல்தான். வளரும் வயது, மாதவிடாய், நெடுந்தூர ஓட்டம், இறைச்சியில்லாத உணவு ஆகிய நான்கும் அவளிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. குருதியில் ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராமிலும் குறையும் முன்னரே, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு இறங்கிவிடும். ஆகையால் முழுக் குருதிக் கணக்கெடுப்போடு பெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ வேறு தொற்றோ உள்ள நாளில் பெரிட்டின் உயர்ந்து காட்டக்கூடும் என்பதால், அவள் சுகமாக இருக்கும் நாளில் செல்வது நல்லது. இன்னொரு காரணத்துக்காகவும் பரிசோதனை அவசியம்: தலசீமியா என்ற பரம்பரைக் குருதிக் குறைபாட்டின் பண்பு உள்ளவர்களுக்கும் செங்குருதிக் கலங்கள் சிறுத்தே காணப்படும், அது இரும்புக் குறைபாடு அன்று, அவர்களுக்குத் தேவையின்றி இரும்பு கொடுக்கக் கூடாது.

குறைபாடு உறுதியானால் வைத்தியர் இரும்புக் குளிசை எழுதித் தருவார். கடும் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் எப்சிடின் என்ற ஓமோன் உயர்ந்து இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், காலையில், பயிற்சிக்கு முன்னர் எடுப்பது பொருத்தம். ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கும்போது ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதலான இரும்பு உடலில் சேர்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அம்முறை அவளுக்கு ஏற்றதா என்பதை வைத்தியரிடமே கேளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, முருங்கையிலை வறை, பயறு, கௌபி முதலியவற்றில் உள்ள தாவர இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். தேசிக்காய்ப் புளியோ ஒரு கொய்யாப்பழமோ அதே வேளை உணவில் சேர்ந்தால் அது கூடும். சோற்றோடு தேநீர் குடித்தால் குறையும். தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். விடியற்காலையில் வெறுவயிற்றோடு ரியூசனுக்குப் போய், பள்ளிக்கூடம் முடிந்து, மாலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் நம்மூரில் பலர். அப்பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது காலைச் சாப்பாடு. மகளுக்கு மாதவிடாய் நின்றோ தவறியோ போயிருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் கூறுங்கள். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

1000 மில்லிகிராம் விற்றமின் சி பற்றி: பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஒட்சியேற்றத் துணிக்கைகளை அது அடக்குகிறது. ஆனால் அத்துணிக்கைகள் தீங்கு மட்டும் செய்வன அல்ல, பயிற்சிக்கு ஏற்ப மாறும்படி தசைக்கு உணர்த்துவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. நோர்வேயில் 2014இல் வெளியான ஆய்வொன்றில், பதினொரு வாரம் இந்த அளவு விற்றமின் சியோடு விற்றமின் ஈயும் எடுத்தவர்களின் தசைக்கலங்களில் பயிற்சியால் வரவேண்டிய மாற்றங்கள் சில மட்டுப்பட்டன. அவற்றை எடுக்காமல் பயிற்சி செய்தவர்களைவிட அவர்களுடைய ஓட்டத் திறன் குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்; ஆனால் அவர்களைவிடக் கூடவுமில்லை. அப்படியிருக்க, நாள்தோறும் அதை ஏன் விழுங்கவேண்டும்?

கேள்வி: யாழ்ப்பாண வெயிலில் விளையாடுபவருக்கும் விற்றமின் டி குறையுமா?
(ஆசிரியர், பருத்தித்துறை)

பதில்: குறையலாம். கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் படவேண்டும். பூப்பந்து போன்ற உள்ளரங்க ஆட்டக்காரர் பகலில் வெயிலையே காணாமலிருக்கலாம். எனினும் பரிசோதனையின்றி உயர் அளவுக் குளிசைகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம். இது உடலில் தங்கிச் சேரும் விற்றமின், மிகுந்தால் குருதியில் கல்சியம் உயரும்.

கேள்வி: உதைபந்தாட்டக் கழகமொன்றில் ஆடுகிறேன். உடற்பயிற்சி நிலையத்தில் விற்றமினும் கனியுப்பும் கலந்த தூள் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
(இளைஞர், நாவாந்துறை)

பதில்: வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து. 2000–2001இல் 13 நாடுகளில் வாங்கிய 634 மேலதிக ஊட்டப் பொருட்களைச் செருமனியின் கொலோன் ஆய்வுகூடம் சோதித்தபோது, 94 பொருட்களில், ஏறத்தாழ ஏழில் ஒன்றில், சிட்டையில் குறிப்பிடாத ஓமோன் சார்ந்த தடைசெய்யப்பட்ட பொருட்கள் இருந்தன. ஊக்கமருந்து விதிகளின்படி, உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. அறியாமல் உட்கொண்டேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை நீக்காது. வைத்தியர் ஏதேனும் எழுதித் தந்தால், பதிவுபெற்ற மருந்தகத்தில் வாங்கி, பற்றுச்சீட்டையும் தொகுதி இலக்கம் உள்ள உறையையும் பத்திரப்படுத்துங்கள். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டால், அண்மையில் எடுத்த மருந்துகளையும் குளிசைகளையும் படிவத்தில் குறிப்பிடச் சொல்வார்கள். அப்போது அவை வேண்டியிருக்கும்.