மொட்டைமாடி ரோஜாவும் மே வெயிலும்: கேள்வி பதில்

சென்னை: ஓசூரில் வாங்கியபோது உள்ளங்கை அகலம் பூத்த செடி, இப்போது எலுமிச்சை அளவுதான் பூக்கிறது. உரம் போதவில்லையா சார்?

உரத்தைத் தொடாதீங்க. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ராத்திரி குளிரும். ரோஜாவுக்குப் பகலில் 25 டிகிரியை ஒட்டி, இரவில் 15-18 இருந்தால் கொண்டாட்டம். சென்னையில் மே மாத ராத்திரியே 27, 28-ல் நிற்கிறது. பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தைச் செடி ராத்திரிச் சூட்டில் மூச்சுவிட்டே தீர்த்துவிடும். மொட்டு அவசரமாக விரியும், இதழும் குறையும். இதைவிட மோசம், கறுப்பு குரோ பேக். மதியம் 2 மணிக்கு வெயில் படும் பக்கத்தில் கை வைத்துப் பாருங்க, உள்ளே வேர் வேகுது. பையைச் சாக்கால் சுற்றி, செங்கல் மேல் தூக்கி வைங்க. 11 முதல் 4 வரை நிழல்வலை. கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, இப்போது வேண்டாம்.

மதுரை: இலை வெளிறி, ஊசி குத்தின மாதிரி புள்ளி.

இலையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைத் தாளில் தட்டினால் தூசி நகருதா? செம்பேன், இலைச்சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி. வறண்ட 30 டிகிரியில் முட்டை ஒரே வாரத்தில் முழுப் பேனாகிவிடும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிங்க, ஒருநாள் விட்டு ஒருநாள்.

கொடைக்கானல்: தளிரில் மாவு தூவினாற்போல் இருக்கிறது.

சாம்பல் நோய். கதகதப்பான பகல், ஈரக் குளிர் இரவு என்றால் வரும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம். இதைப் படிக்கும் சமவெளிக்காரர்களே, 32 டிகிரிக்கு மேல் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

திருச்சி: உச்சிவெயிலில் இலையில் தண்ணீர் பட்டால் துளி லென்ஸ் மாதிரி சுடுமாமே?

சுடாது. ரோஜா இலையில் துளி தட்டையாக ஒட்டும். ஒளி குவியும் இடம் இலைக்கு வெகு கீழே போய்விடும்.

திருச்சி: எங்க தாத்தா ஐம்பது வருஷம் தோட்டக்காரர், கருகினதைக் கண்ணால் பார்த்தவர்!

கருகியிருக்கும். வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் முதலில் வருவது வெந்நீர்.

கோவை: அப்போ சாயங்காலம் இலையை நனைக்கலாமா?

கூடாது! ஏழு மணி நேரம் ஈரம் நின்றாலே கரும்புள்ளிப் பூஞ்சை முளைத்துவிடும், 24 டிகிரி அதற்கு விருந்து. சாயங்காலம் என்றால் வேரில் மட்டும் ஊற்றுங்க.

திருச்சி: தாத்தா ஓஸே பிடிக்கலை, குடம்தான்.

அந்தக் குடம் வெயிலில் இருந்ததா, நிழலில் இருந்ததா?

வேலூர்: இலை மஞ்சளாகுது, என்ன உரம் போடலாம்?

முதல் பதில்தான்: உரத்தைத் தொடாதீங்க. அப்புறம், இலையைத் திருப்பிப் பாருங்க.