சீட்டைப் படித்தீர்களா?

கேள்வி: சுற்றுச்சூழலுக்கும் வட்டார மரபுக்குமான அருங்காட்சியகத்துக்கு மகளை அழைத்துச் சென்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பறவைகள், முட்டைகள். அடுத்த கூடத்தில் கலப்பை, வலை. இருபதே நிமிடத்தில் "போகலாம் அம்மா" என்றுவிட்டாள். செத்த பறவையை வைத்துக்கொண்டு இயற்கையை எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: பிள்ளை மேல் குற்றமில்லை. நானும் வெகுகாலம் பறவையைப் பார்த்துவிட்டு, அதன் விவரச் சீட்டைப் படிக்காமல் வந்தவன்தான். ஒருமுறை, காட்சிக்கு வைக்காத பறவைகளின் இழுப்பறை ஒன்றைத் திறந்து காட்டினார்கள். மல்லாந்து கிடந்த ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சீட்டு; அதில் மங்கிய மையில் இடமும் தேதியும். அந்த இரண்டும் இல்லையென்றால் அது வெறும் பஞ்சடைத்த இறகுதான்.

முட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் குறைந்துவந்தபோது, டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர் பழைய சேகரிப்புகளிலிருந்த முட்டை ஓடுகளைத் தேடிப்போய் எடைபோட்டார். 1947 வாக்கில் தொடங்கி ஓடு மெலிந்திருந்தது. 1967இல் அதை வெளியிட்டார். காரணம் டிடிடி பூச்சிமருந்து. ஓட்டில் சுண்ணாம்பு சேரவிடாமல் செய்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடைக்கே முட்டை நொறுங்கியது. பொழுதுபோக்குக்காகக் கூட்டிலிருந்து முட்டை திருடியவர்கள் (ஆம், திருட்டுத்தான்) தேதியை ஒழுங்காக எழுதிவைத்ததால் வந்த நன்மை இது.

அடுத்த முறை எல்லாக் கூடத்தையும் சுற்ற வேண்டாம். ஒரே பெட்டி முன் நின்று, "இதில் ஆகப் பழைய தேதி எது, கண்டுபிடி" என்று மகளிடம் சொல்லுங்கள். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: உள்ளே ஏன் இத்தனை இருட்டு? ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் என்ன?

பதில்: இறகும் ரோமமும் உலர்ந்த இலையும் வெளிச்சத்தில் வெளுக்கும், போன நிறம் திரும்பாது. இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்களின் நெடுநாள் கணக்கு. இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் போட்டாலோ கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தில் வெள்ளைப் பொட்டும் உங்கள் முகமும்தான் விழும்.

கேள்வி: சுற்றுச்சூழல் அருங்காட்சியகத்தில் கலப்பையும் மீன்வலையும் எதற்கு?

பதில்: ஓர் ஊரின் நிலத்தையும் தொழிலையும் மக்களையும் பிரிக்காமல் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு, 1971இல் பிரான்சில் ஹியூக் து வரீன் என்ற அருங்காட்சியக அறிஞர் 'எகோமியூசே' (சூழல் அருங்காட்சியகம்) என்று பெயர் வைத்தார். கலப்பையின் மரம் எது என்று கேட்டால், அந்த வட்டாரத்தில் எந்த மரம் விளைந்தது என்று தெரியும். வலை அதைவிட நன்றாகப் பேசும். வலைக்கண் பெரிதாக இருந்தால் மீன்குஞ்சுகளைத் தப்பவிட்டிருக்கிறார்கள். தொட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு, வலைக்கண்ணில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள்.